மைனஸ் 25ல விழாதவன் பிளஸ் 2ல விழுந்த கதை

சிங்கப்பூர்ல பனி கொட்டுற இடம் ஒண்ணு எனக்குத் தெரியும். ஜூரோங்ல, ஒரு குளிர்க்கிடங்குக்குள்ள. மீன், கோழி, ஐஸ்க்ரீம் எல்லாம் அடுக்கி வச்சிருக்கிற மைனஸ் 25 டிகிரி ரூம். சாமான் இறக்குறப்போ லோரிக்காரங்க கதவைத் திறந்தே போட்டுட்டாங்கன்னா நம்ம ஊர் கசகசப்புக் காத்து உள்ள பூந்துடும், பூந்த வேகத்துல அதுல இருக்கிற ஈரம் எல்லாம் உறைஞ்சு கதவுக்கு மேல சீலிங்ல வெள்ளை வெள்ளையா படியும், அப்புறம் ஃபேன் ஓடுற அதிர்வுல பொலபொலன்னு தலையில கொட்டும். புதுசா வேலைக்கு வர்ற பசங்க போனை எடுத்து வீடியோ பிடிப்பாங்க. நான் இந்த லைன்ல டெக்னீஷியனா இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதனால குளிர்னா நமக்குத் தெரியாததான்னு ஒரு திமிரு இருந்துச்சு. அது உடைஞ்சது 2014 ஜனவரியில, அமெரிக்காவுல, பிளஸ் 2 டிகிரியில. கூடவே வலது மணிக்கட்டுல ஒரு எலும்பும் உடைஞ்சுச்சு.

இப்ப எதுக்கு இந்தப் பழைய கதைன்னா, டிசம்பர் லீவு வந்தா எங்க புளோக்ல பாதிப் பேர் ஜப்பான் கொரியான்னு கிளம்புறாங்க, லிஃப்ட்ல பார்த்தா எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான், "அண்ணே அங்க எத்தனை டிகிரியாம், இந்த ஜாக்கெட் தாங்குமா?" நம்ம ஊர்ல 2018 ஜனவரியில மழை விடாம பெஞ்சு 21 டிகிரிக்கு இறங்கினப்போவே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு செல்ஃபி எடுத்தவங்க நாம. இங்க இதுவரைக்கும் பதிவான குறைஞ்ச வெப்பமே 1989 பிப்ரவரியில 19 டிகிரி. அதனால நம்பரைப் பார்த்து பயப்படுறது இயற்கைதான், ஆனா பயப்பட வேண்டிய நம்பர் எதுன்னுதான் நமக்குத் தெரியல. மைனஸ் 15ன்னா அலறுவாங்க, பிளஸ் 1ன்னா "அட பரவாயில்லையே"ன்னு கிளம்பிடுவாங்க. நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

கம்பெனியில ரெண்டு வாரம் கம்ப்ரசர் ட்ரெயினிங்னு அட்லாண்டாவுக்கு அனுப்பினாங்க. அது அமெரிக்காவோட தெற்குப் பக்கம், வெயில் ஊர்னு சொன்னாங்க. கிளாஸ்ல மலேசியா ஈப்போவிலிருந்து வந்த ஒரு அண்ணனும் இருந்தாரு, தமிழ் பேச ஆள் கிடைச்ச சந்தோஷத்துல ஒரே வாடகைக் காரை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம், அவர் ஓட்டுவாரு. ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை. காலையில ஒண்ணும் இல்ல, வானம் மட்டும் சாம்பல் பூசின மாதிரி இருந்துச்சு. மத்தியானம் பக்கம் பனி விழ ஆரம்பிச்சதும் நாங்க ரெண்டு பேரும் சின்னப் பசங்க மாதிரி ஜன்னல்ல போய் நின்னுட்டோம். வடக்குல பனி ஊரான மினசோட்டாவுல இருந்து வந்திருந்த ஒருத்தர் சிரிச்சாரு, எங்க ஊர்ல இதுக்கெல்லாம் ஸ்கூல் கூட மூட மாட்டாங்கன்னாரு. மொத்தமாவே அன்னைக்கு விழுந்தது 6, 7 சென்டிமீட்டர்தான், அவர் சொன்னதுல தப்பே இல்ல.

ஆனா என்ன ஆச்சுன்னா, பனியைப் பார்த்ததும் ஊர்ல இருக்கிற எல்லா ஆபீசும் எல்லா ஸ்கூலும் ஒரே நேரத்துல விட்டுட்டாங்க. எல்லா காரும் ஒண்ணா ரோட்டுல. அவ்வளவு டயர் உருண்டு உருண்டு பனி நசுங்கி, டயர் சூட்டுல லேசா உருகி, கார் நகராம நின்ன அஞ்சு நிமிஷத்துல திரும்பக் கட்டியாயிடுச்சு. பனி மேல ஓட்டலாம், ஐஸ் மேல யாராலயும் ஓட்ட முடியாது. உப்பு போடுற லோரி வரணும்னா ரோட்டுல இடம் வேணும், ரோடு முழுக்க கார். மினசோட்டாக்காரருக்கு ஓட்டத் தெரியும், ஆனா அவருக்கு முன்னாடி நூறு பேருக்குத் தெரியலன்னா அவர் என்ன பண்ணுவாரு, அவரும் ராத்திரி முழுக்க அதே ரோட்டுலதான் கிடந்தாரு. ஆயிரக்கணக்கான பிள்ளைங்க அன்னைக்கு ஸ்கூல்லயே தூங்குனாங்க. ஹைவேயில ஒரு பொண்ணுக்கு கார்லயே பிரசவம் ஆச்சு, அதை மறுநாள் டிவியில பார்த்தோம்.

எங்க ஹோட்டல் 18 கிலோமீட்டர். ஒன்றரை மணிக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பது மணிக்கு பாதி தூரம் தாண்டியிருந்தோம். பெட்ரோல் முள்ளு கீழ போய்க்கிட்டே இருக்கு, எஞ்சினை அணைச்சா குளிரு, போட்டா எண்ணெய் தீருது. கடைசியில ஈப்போ அண்ணன்தான் சொன்னாரு, "தம்பி, இது போற வழியா தெரியல, ஓரமா இருக்கிற பெட்ரோல் ஸ்டேஷன் வாசல்ல காரை விட்டுட்டு இறங்கி நடப்போம் வா." அந்தப் பெட்ரோல் ஸ்டேஷன்ல இருந்த அம்மா எங்களை உள்ள கூப்பிட்டு காப்பி கொடுத்து, காரை அங்கேயே விட்டுக்கச் சொன்னாங்க. ஒரு மணி நேரம் அங்க நின்னு கால் சூடானப்புறம்தான் நடந்தோம். அண்ணன் ஜீன்ஸ் போட்டிருந்தாரு, அது முட்டி வரைக்கும் நனைஞ்சு அட்டை மாதிரி விறைச்சிடுச்சு, அன்னைக்கு எனக்குத் தெரிஞ்ச முதல் பாடம் அது, பருத்தித் துணி நனைஞ்சா குளிருக்கு உதவாது, போடாம இருக்கிறதை விட மோசம். நான் போட்டிருந்தது வேலை பேண்ட், பாலியெஸ்டர், தட்டினா பனி உதிர்ந்துடுச்சு.

நடக்கும்போது ஒண்ணு கவனிச்சோம். சாதா ரோட்டுல கால் நின்னுச்சு. பாலம் வந்ததும் ரெண்டு பேருக்கும் கால் போச்சு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல நண்டு மாதிரி போனோம். தரையில இருக்கிற ரோட்டுக்கு அடியில மண்ணு இருக்கு, அது பகல்ல வாங்கின சூட்டைக் கொஞ்ச நேரம் வச்சிருக்கும். பாலத்துக்கு அடியிலயும் காத்து, மேலயும் காத்து, வச்சிருக்க ஒண்ணும் இல்ல. அதனால பாலம்தான் முதல்ல உறையும். வெளிநாட்டுல வாடகைக் கார் எடுக்கிறவங்க இதை மட்டுமாவது மனசுல வச்சுக்குங்க, பாலம் வரப் போகுதுன்னா அதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடணும், பாலத்து மேல போனப்புறம் பிரேக்கும் தொடக் கூடாது ஸ்டியரிங்கையும் வெடுக்குன்னு ஒடிக்கக் கூடாது.

ஆனா நான் விழுந்தது அன்னைக்கு இல்ல. அதுதான் கொடுமை. ரெண்டு நாள் கழிச்சு நல்ல வெயில், போன்ல 36ன்னு காட்டுது. அது ஃபாரன்ஹீட், அதுல 32தான் நம்ம சைபர், அப்போ இது பிளஸ் 2. ஆபத்தெல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு ஹோட்டலுக்குப் பின்பக்கம் கார் நிறுத்துற இடத்துல சிங்கப்பூர்ல நடக்கிற வேகத்துல நடந்தேன், கை ரெண்டும் ஜாக்கெட் பாக்கெட்ல. அந்தப் பக்கம் வெயிலே படாது. முந்தின நாள் கூரையில இருந்து சொட்டின தண்ணி ராத்திரியில கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடக்கு, பார்த்தா நனைஞ்ச தார் ரோடு, அவ்வளவுதான். அடுத்த நொடி நான் வானத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

ஆறு வாரம் கட்டு. சும்மா உக்கார்ந்திருந்த அந்த ஆறு வாரத்துலதான் யோசிச்சேன், இத்தனை வருஷம் மைனஸ் 25ல ஏறி இறங்கி வேலை பார்க்கிறேனே, ஏன் ஒரு தடவை கூட உள்ள விழல? விழுந்தவங்க எல்லாரும் எங்க விழுந்தாங்க? கதவுகிட்ட. உள்ளுக்குள்ள ஆழத்துல தரை காய்ஞ்சு கிடக்கும், பூட்ஸ் கிறீச்சுன்னு பிடிக்கும். கதவு வாசல்ல சூடும் குளிரும் சந்திக்கிற அந்த ரெண்டு மீட்டர்லதான் தண்ணியாவும் இல்லாம ஐஸாவும் இல்லாம மேல ஒரு ஈரப் படலத்தோட இருக்கும், ஃபோர்க்லிஃப்ட் வழுக்குறதும் அங்கதான். சைபர் டிகிரிங்கிறது அந்த வாசல்படி. உலகத்துல பனியால நடக்கிற கூத்துல பாதி அந்த வாசல்படியிலதான் நடக்குதுன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சது. தொழில்ல தெரிஞ்ச விஷயம், வெளியில வந்ததும் மறந்துட்டேன், வேற என்ன சொல்ல.

பனிங்கிற வார்த்தையிலயே நமக்கு ஒரு சிக்கல் இருக்கு. புல்லு மேல இருக்கிற துளியும் பனிதான், காலையில மூடுறதும் பனிதான், ஐஸா விழுறதும் பனிதான். தைப் பனி தரையைத் துளைக்கும் மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு எங்கம்மா சொல்லும், மன்னார்குடி பக்கம் அதுங்க பார்த்த பனி தலைக்கு முக்காடு போட்டா போயிடும். ஊட்டியில மட்டும் தை மாசக் காலையில புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி உறைபனி படியும், அப்போ கூட காத்தோட வெப்பம் சைபருக்கு மேல ரெண்டு மூணு டிகிரி இருக்கலாம். வானம் தெளிவா இருந்தா தரை தன் சூட்டை மேல விட்டுட்டு காத்தை விட வேகமா குளிர்ந்துடும். போன்ல காட்டுற நம்பர் தரையில இருந்து ஒண்ணரை ரெண்டு மீட்டர் உயரத்துல, எங்கயோ ஒரு நிலையத்துல அளந்தது. நம்ம செருப்பு இருக்கிற இடத்துல அளந்தது இல்ல.

சரி, பிளஸ் 3ல பனி விழுறதும், மைனஸ் 2ல மழை பெய்யுறதும் எப்படின்னு கேட்டா நான் நம்ம எச்டிபி புளோக்கை, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டை வச்சுத்தான் சொல்வேன். ஒரு இருபது மாடி புளோக். இருபதாவது மாடியில ஃப்ரீசர், அங்க பனி உருவாகி கீழ இறங்குது. நடுவுல எல்லா மாடியும் குளிரா இருந்துச்சுன்னா அது பனியாவே கீழ வந்து சேரும், வாய்ட் டெக், அதாவது திறந்து கிடக்கிற தரைத்தளம், மட்டும் கொஞ்சம் சூடா, பிளஸ் 2, பிளஸ் 3ன்னு இருந்தாலும் உருகுறதுக்கு நேரம் பத்தாது, பனியாத்தான் விழும். இப்ப பத்தாவது மாடியில யாரோ அடுப்பைப் பத்த வச்சுட்டாங்கன்னு வைங்க. அதாவது மேல ஒரு சூடான காத்து அடுக்கு. அங்க பனி உருகி மழைத்துளி ஆயிடும். அதுக்குக் கீழ ஆறேழு மாடி குளிரா இருந்தா துளி வழியிலயே உறைஞ்சு சின்னச் சின்ன ஐஸ் மணியா டக்டக்குனு விழும், அது பரவாயில்ல. ஆனா வாய்ட் டெக் மட்டும்தான் சைபருக்குக் கீழன்னா, துளிக்கு உறைய நேரம் இல்ல, சைபருக்குக் கீழ போயும் தண்ணியாவே வரும். ஃப்ரீசர்ல மறந்து வச்ச மினரல் வாட்டர் பாட்டில் தண்ணியாவே இருந்து, எடுத்துத் தட்டினதும் சரசரன்னு ஐஸாகுமே, அதே கதை. வந்து எதைத் தொட்டாலும், கம்பி, இலை, கார் கண்ணாடி, படிக்கட்டு, தொட்ட இடத்துல கண்ணாடி பூசின மாதிரி ஒட்டிக்கும். ஃப்ரீசிங் ரெய்ன்னு சொல்றது அதைத்தான். எல்லாத்துலயும் மோசம் இதுதான், பார்க்க அழகா வேற இருக்கும்.

நம்ம ஊர்லயும் இந்த மாடிக் கணக்கு உண்டு. 2013 ஜூன்ல புகைமூட்டம் போட்டு காத்து மாசுக் குறியீடு 401 வரைக்கும் போச்சே, அது முடிஞ்ச கையோட 25ஆம் தேதி மேற்குப் பக்கம் ஆலங்கட்டி மழை பெஞ்சுச்சு. நான் அப்போ லோடிங் பேயில, தகரக் கூரையில யாரோ கூழாங்கல்லைக் கொட்டுற சத்தம். கீழ ஷார்ட்ஸ் போடுற வெயில், மேல அஞ்சு கிலோமீட்டர் பக்கம் போனா நம்ம தலைக்கு மேலயும் சைபர்தான். பங்களாதேஷ் தம்பி ஒருத்தன் ஒரு கட்டியைப் பொறுக்கிட்டு வந்து எங்க ஃப்ரீசர் ரூம்ல பத்திரமா வச்சான், அடுத்த தடவை ஐஸ் கரைக்க டீஃப்ராஸ்ட் போட்டப்போ காணாம போச்சு.

பிளஸ் டிகிரி பனிக்கு இன்னொரு காரணம் காத்தோட வறட்சி. என்எஸ், அதாவது கட்டாய ராணுவச் சேவை, போன பசங்களுக்கு வெட் பல்ப்னா தெரியும், வெயில்ல ட்ரெயினிங் நிறுத்துறதுக்குப் பார்க்கிற கணக்கு. தெர்மாமீட்டர் நுனியில ஈரத் துணியைச் சுத்தி அளக்கிறது. காத்து வறண்டு இருந்தா ஈரம் ஆவியாகி நுனி குளிரும். விழுற பனித்துணுக்குக்கும் அதே கதிதான், விழ விழ கொஞ்சம் ஆவியாகி தன்னைத் தானே குளிர்விச்சுக்கும், சுத்தி இருக்கிற காத்தையும் குளிர்விக்கும். பிளஸ் 4 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம்னா வெட் பல்ப் சைபருக்குக் கொஞ்சம் கீழ வரும். அதனால மழைன்னு நினைச்சு குடை எடுத்துட்டுப் போனா அரை மணி நேரத்துல பனி கொட்டும், கூடவே வெப்பமும் மளமளன்னு இறங்கும். வெதர் ஆப்ல டிகிரிக்குப் பக்கத்துல டியூ பாயின்ட்னு ஒண்ணு போட்டிருப்பான், காத்து எவ்வளவு வறண்டிருக்குன்னு காட்டுற நம்பர், அது சைபருக்கு நல்லாக் கீழ இருந்து மழை வரப் போகுதுன்னும் போட்டிருந்தா நான் மழையை நம்ப மாட்டேன். அதே ஆப்ல ஃபீல்ஸ் லைக்னு இன்னொரு நம்பர் இருக்கும், அது வேற, அது காத்து அடிக்கிறதால நம்ம தோலுக்குத் தெரியுறது. பிளஸ் 2, ஃபீல்ஸ் லைக் மைனஸ் 4ன்னா ரோட்டுல கிடக்கிற தண்ணி அந்த மைனஸ் 4ஐப் பார்த்து உறையாது.

இந்த விஷயம் எல்லாம் தெரிஞ்ச பிறகு 2019 டிசம்பர்ல குடும்பத்தோட சப்போரோ போனோம். மைனஸ் 7, மைனஸ் 8ன்னு நாலு நாள், பனி மாவு மாதிரி, பிள்ளை ஓடி விளையாடுறா, ஒருத்தரும் விழல. அஞ்சாவது நாள் பிளஸ் 3 ஆச்சு, ரோடெல்லாம் கஞ்சி மாதிரி குழைஞ்சு போச்சு, என் பொண்டாட்டி "அப்பாடா இன்னைக்குத்தான் மனுஷன் நடக்கிற மாதிரி இருக்கு"ன்னா. நான் சொன்னேன், இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஹோட்டலுக்குத் திரும்பிடணும், நாளைக்குக் காலையில பத்து மணிக்கு முன்னாடி வெளிய வேணாம்னு. நம்பல. மறுநாள் காலையில ஜன்னல்ல இருந்து பார்த்தா உள்ளூர்க்காரங்களே கையைக் கொஞ்சம் விரிச்சு குட்டிக் குட்டி அடியா, பாதத்தை முழுசா வச்சு, பென்குவின் மாதிரி போறாங்க. அவங்க ஊர் முழுக்க கிராசிங்குப் பக்கத்துல ஒரு பெட்டி வச்சிருக்காங்க, என் வீட்டம்மா அதைக் குப்பைத்தொட்டின்னு நினைச்சு டிஷ்யூ போடப் போனா. உள்ள சின்னச் சின்னப் பையில பொடிக்கல்லு. யார் வேணும்னாலும் எடுத்து வழுக்குற இடத்துல தூவிட்டுப் போகலாம். அந்த ஊருக்கு எந்த நாள் ஆபத்துன்னு தெரிஞ்சிருக்கு, அதுதான் வித்தியாசம்.

ஷூ பத்தி எல்லாரும் கேக்குறதால இங்கயே சொல்லிடுறேன். ஜாக்கெட்டுக்கு முன்னூறு வெள்ளி போடுறவங்க ஷூவுக்கு யோசிக்கிறாங்க, அது தலைகீழ். ஓடுற ஷூவோட அடிப்பாகம் குளிர்ல பிளாஸ்டிக் மாதிரி விறைச்சிடும். அடியில மிருதுவான ரப்பர், ஆழமான வரி, அப்புறம் ஷூ மேல மாட்டிக்கிற ஐஸ் ஆணி ஒரு செட், ரப்பர் வளையத்துல சின்ன ஆணி இருக்குமே அது, சப்போரோவுல கடையில சாதாரணமா கிடைக்குது. ஆனா மாலுக்குள்ள போறப்போ கழட்டிடணும், டைல்ஸ்ல ஆணியோட நடந்தா அதுவே வழுக்கும், என் பொண்ணு அப்படித்தான் ஹோட்டல் லாபியில சறுக்கினா. கையைப் பாக்கெட்ல வச்சு நடக்கவே கூடாது, கிளவுஸ் போடுங்க, கை வெளிய இருந்தாத்தான் பேலன்ஸ். முதுகுல பை இருந்தா விழும்போது அது ஒரு மெத்தை. போனை உள்பாக்கெட்ல உடம்போட ஒட்டி வைங்க, வெளிய வச்சா 40 சதவீதம் காட்டிக்கிட்டிருந்த பேட்டரி பொசுக்குன்னு அணைஞ்சிடும், டாக்சி கூப்பிட வேண்டிய நேரம் பார்த்து.

2021 பிப்ரவரி கதைதான் எனக்கு இன்னும் ஆறல. என் மச்சினன் டல்லாஸ் பக்கம் இருக்கான். சீனப் புத்தாண்டு லீவுல நாங்க இங்க இருக்கோம், அவன் வாட்ஸ்அப்ல கூப்பிடுறான், அங்கயும் நமக்கும் பதினாலு மணி நேர வித்தியாசம். "அத்தான், கரண்டு போச்சு, வீட்டுக்குள்ள 8 டிகிரி, பாப்பா வாயில இருந்து புகை வருது." டெக்சஸ்ல அந்த வாரம் நடந்தது உங்களுக்கு நியாபகம் இருக்கும். பிப்ரவரி 16ஆம் தேதி டல்லாஸ் ஏர்போர்ட்ல மைனஸ் 19 வரைக்கும் இறங்குச்சு. ஆனா ஃபோர்ட் வொர்த்ல 130க்கும் மேல கார் லோரி ஒண்ணு மேல ஒண்ணு மோதி ஆறு பேர் செத்தது 11ஆம் தேதி. குளிர் உச்சத்துக்கு வர்றதுக்கு அஞ்சு நாள் முன்னாடி, சைபருக்குக் கொஞ்சம் கீழ லேசான தூறல் விழுந்த விடிகாலையில, உயரத்துல இருக்கிற ஒரு ரோட்டுல. மறுபடி பாலம், மறுபடி சைபர்.

அதுக்கப்புறம் கரண்டு. அங்க நிறைய வீட்டுல ஹீட்டரும் கரண்டுலதான் ஓடுது, எல்லாரும் ஒரே நேரத்துல போட்டாங்க, அதே நேரம் கேஸ் கிணறு, குழாய், மின் நிலையக் கருவி எல்லாம் உறைஞ்சு நின்னுச்சு, ஏன்னா வெயிலுக்குக் கட்டின சிஸ்டம். 45 லட்சம் வீடு கடைகளுக்கு மேல இருட்டு. மொத்த கிரிட்டும், அதாவது மாநிலத்தோட மின்சார வலையே, விழுறதுக்கு 4 நிமிஷம் 37 செகண்டுதான் பாக்கி இருந்துச்சுன்னு பின்னாடி சொன்னாங்க. அரசாங்கக் கணக்குல செத்தவங்க 246 பேர். கனடாவுல மைனஸ் 19ங்கிறது ஸ்கூல் போற நாள்.

நான் இங்க உக்கார்ந்துக்கிட்டு அவனுக்குச் சொன்னது எல்லாம் குளிர்க்கிடங்கு அறிவுதான். ஒரே ரூமுக்குப் போயிடு, சின்ன ரூமா, கதவு இடுக்குல துண்டு வை, ஜன்னல்ல கம்பளி தொங்கவிடு. குழாயைக் கொஞ்சமா சொட்ட விடு, ஓடுற தண்ணி சீக்கிரம் உறையாது, உள்ள அழுத்தமும் ஏறாது. தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் பெருக்கும், செம்புக் குழாய் அதைத் தாங்காது, வெடிக்கிறது உறையும்போது, ஆனா உனக்குத் தெரியுறது உருகும்போது, அதனால மெயின் வால்வ் எங்க இருக்குன்னு இப்பவே போய்ப் பாருன்னேன். அவன் தேடிப் பார்த்ததுல கராஜ் மூலையில பெட்டிகளுக்குப் பின்னாடி. அதைத் தெரிஞ்சு வச்சிருந்ததால மூணாவது நாள் பரண்ல குழாய் பிளந்தப்போ ரெண்டு நிமிஷத்துல மூடிட்டான், பக்கத்து வீட்டுல சீலிங்கே இறங்கிடுச்சு. ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் கத்தினேன். "அத்தான், கராஜ்ல காரை ஓட விட்டு உள்ள உக்காரலாமா, பார்பிக்யூ அடுப்பை ஹால்ல வைக்கலாமா"ன்னான். செத்தாலும் செய்யாதேடான்னேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அந்த வாரம் அப்படிப் போனவங்க உண்டு, குடும்பம் குடும்பமா. கார்ல உக்காரணும்னா வெளிய, திறந்த வெளியில, சைலன்சர் பனியில புதைஞ்சிருக்கான்னு பார்த்துட்டு உக்காரணும்.

எங்க டீம்ல ஹூனான்ல இருந்து வந்த வெல்டர் ஒருத்தர் இருக்காரு, சென்ஜோவ் ஊர்க்காரர். இந்த டெக்சஸ் கதையைக் கேட்டுட்டு, எங்க ஊர்ல 2008லேயே பார்த்தாச்சுன்னாரு. அந்த வருஷம் புத்தாண்டுக்கு முன்னாடி நாள் கணக்கா அந்த உறையுற மழை, சைபருக்குப் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு நின்னுச்சாம். கரண்டு கம்பியில ஐஸ் கனம் ஏறி டவரெல்லாம் மடங்கி, ஊரே கிட்டத்தட்ட ரெண்டு வாரம் இருட்டு, மெழுகுவர்த்தி விலை எங்கயோ போச்சாம். குவாங்ஜோ ஸ்டேஷன்ல லட்சக்கணக்கான பேர் ரயில் இல்லாம நின்னது அப்போதான். மைனஸ் 20க்குப் பழகின மொன்ட்ரியாலே 1998 ஜனவரியில இதே மழைக்கு முன்னாடி படுத்துடுச்சு, சுத்துவட்டாரம் எல்லாம் சேர்த்து 40 லட்சம் பேருக்கு மேல கரண்டு இல்ல. அந்த ஊருக்கு மைனஸ் 20 ஒண்ணும் பண்ணல, சைபர் பக்கத்துல நின்ன அஞ்சாறு நாள்தான் பண்ணுச்சு.

நமக்குப் பக்கத்துல பாருங்க, 2016 ஜனவரி 24 ஹாங்காங்ல 3.1 டிகிரி. பனிப்பூவைப் பார்க்கலாம்னு தாய் மோ ஷான் மலைக்கு ஏறினவங்க இறங்க முடியாம மாட்டிக்கிட்டு, காப்பாத்தப் போன தீயணைப்பு ஆளுங்களே ரோட்டுல சறுக்கினாங்க. அதே வாரம் தைவான்ல 80 பேருக்கும் மேல குளிருக்கு இறந்ததா செய்தி, தைப்பேயில வெப்பம் 4 டிகிரி. பிளஸ் 4. பெரும்பாலான வீட்டுல ஹீட்டரே கிடையாது, வயசானவங்க இதயம் தாங்கல. அதனால அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போறவங்க மைனஸ் ஊரை விட, ஹீட்டர் இல்லாத பிளஸ் ஊருக்குத்தான் கூடத் துணி எடுத்துக்கணும்.

விமானம் பத்தி ஒரு வார்த்தை. றெக்கையில ஐஸ் படிஞ்சா தெளிக்கிற திரவம் எங்க குளிரூட்டும் மெஷின்ல ஓடுற கிளைக்கால் வகைதான், சீக்கிரம் உறையாத திரவம். லேசான பனிக்கு அது கொஞ்ச நேரம் தாங்கும், கனமான உறையுற மழைன்னா தெளிச்ச வேகத்துலேயே நீர்த்துப் போயிடும், விமானம் கிளம்பாது. மைனஸ் 15ல கிளம்புதே, சைபர்ல ஏன் கிளம்பலன்னு கவுன்டர்ல சண்டை போடாதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ்ல எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேல காசு தருவாங்கன்னு படிச்சு வைங்க. என் மணிக்கட்டுக்கு காசு வந்ததே நான் ரசீதையெல்லாம் பிளாஸ்டிக் உறையில போட்டு வச்சிருந்ததாலதான். காரை வாடகைக்கு எடுத்தா அரை டேங்குக்குக் கீழ இறங்க விடாதீங்க, பின் சீட்டுல ஒரு போர்வை, பிஸ்கட், தண்ணி. கண்ணாடியில ஐஸ் இருந்தா சுடுதண்ணி ஊத்துற வேலை வேணாம், விரிசல் விடும். உப்பும் எல்லா குளிருக்கும் கேக்காது, மைனஸ் 10 பக்கம் போனா சாதா உப்பு சோம்பேறி ஆயிடும்.

போன வாரம் அக்கா பொண்ணு சோல்ல இருந்து மெசேஜ் போட்டா. "மாமா இன்னைக்கு பிளஸ் 1தான், மழைன்னு போட்டிருக்கான், நாங்க மலைக்கோயில் போகலாமா?" நான் வேலையில இருந்தேன், கதவு வாசல்ல ஐஸ் சுரண்டிக்கிட்டு. ராத்திரி எத்தனை டிகிரிக்கு இறங்கினுச்சுன்னு கேட்டேன், மைனஸ் 6ன்னா. அப்ப படிக்கட்டுக் கல்லு இன்னும் மைனஸ்லதான் இருக்கும், மழை விழுந்தா அங்கயே ஒட்டும், மத்தியானம் வரைக்கும் ரூம்லயே இருங்கன்னு டைப் பண்ணேன். கூடவே, மேல காத்து எப்படின்னு எங்கயாவது போட்டிருக்கானா பாருன்னேன்.

ரெண்டு நிமிஷம் கழிச்சு பதில் வந்துச்சு. "மேலன்னா எத்தனாவது மாடி மாமா?"